மூன்றாவது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள்

மூன்றாவது பிரசவம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று என்னிடம் சொல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. காய்கறி விற்கிற அம்மா சொன்னார். ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, பெயர்கூடத் தெரியாத பெண் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற பஸ்ஸின் கண்டக்டருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அவரும் சொன்னார். இத்தனை பேர் சொன்னதால்தான் நம்பினேன் என்று பழியை அவர்கள் தலையில் கட்ட முடியாது. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நானே கணக்குப் போட்டு விடையும் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கணக்கு என் உயிரையும் என் மகள் உயிரையும் சேர்த்துக் கேட்டது. இரண்டையும் மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்பதால் இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

என் பெயர் பரிமளா. வீடு சிங்கவரம். செஞ்சியில் ஒரு எடை மேடையில் வேலை. நெல் லாரி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர், ஜல்லி டிப்பர் என்று எது மேடை மேல் ஏறினாலும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். பன்னிரண்டு வருஷமாக எண்ணை நம்பிப் பிழைக்கிறவள். அதுதான் இங்கே வினையாகிப் போனது.

தலைச்சன் மகள் யாழினி பிறக்கப் பதினெட்டு மணி நேரம் ஆனது. அவலூர்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். காலையில் வலி வந்து, மறுநாள் விடியும் முன்பு பிறந்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு, நான்கு வருஷம் கழித்து மகன் கவினுக்கு வலி வந்தபோது, பதினெட்டு மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகத் துணி துவைத்தேன், சாம்பார் வைத்தேன், யாழினிக்குத் தலை பின்னிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், வண்டி செஞ்சி போய்ச் சேரும் முன்பே பிள்ளை வந்துவிட்டான். மொத்தம் மூன்று மணி நேரம்.

அறுவடைக் காலம் அது. ரோட்டில் நெல் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஆம்புலன்ஸை ஓரம் கட்டினார்கள். நான் போட்ட கூச்சல் வெளியே நின்ற அத்தனை டிராக்டர்காரர்களுக்கும் கேட்டது. பாதிப் பேர் என்னிடம் எடை போட வருகிறவர்கள். மறுபடி வேலைக்குப் போனபோது ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "மேடம், அன்னைக்கு ஆம்புலன்சுல நீங்கதானே? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி ஒரு பிள்ளை என்று வந்தால் ரோட்டில் பெற மாட்டேன்.

அந்த மூன்றாவது போன வருஷம் வயிற்றில் வந்தது. பதினெட்டு, மூன்று. ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் அடுத்தது அரை மணி. தாராளமாக ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வருவதா, நான் ஏறுவதா, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதா? மறுபடி அதே ரோடு, அதே டிராக்டர்கள். வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை, செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவில் பிரைவேட் பஸ் ஓட்டுகிறவர். நிமிஷத்தை வைத்துப் பிழைக்கிற மனிதர். என் கணக்கைக் கேட்டதும், "கரெக்ட்டா வருது" என்று தலையாட்டினார். போனில் யாரோ வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்ட வீடியோவை எடுத்துப் பார்த்தார். நான்கு முறை ஆரம்பித்து, மூன்று முறை பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அவருடைய அக்கா தனம் அண்ணி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவரும் சம்மதித்தார். பசுமாட்டுக்குப் பிரசவம் பார்த்த தைரியம் அவருக்கு.

எடை மேடையில் என்னோடு வேலை செய்கிற பாபுவுக்கு எதற்கெடுத்தாலும் கிண்டல். எங்கள் மேடை ஐந்து ஐந்து கிலோவாகத்தான் எண் காட்டும். லாரி எடை போடுகிற இடத்தில் அதற்குக் கீழே யாருக்கு வேண்டும்? வேலை இல்லாத நேரத்தில் நாங்களே ஏறி நின்று பார்ப்போம். வயிறும் பிள்ளையுமாக ஒரு நாள் ஏறினேன்.

"மேடம், உங்க புள்ள மூணு கிலோதான் இருக்கும். நம்ம மிஷினு அதயெல்லாம் கண்டுக்காது" என்றான் பாபு.

"கண்டுக்கலன்னா போவுது. ஒரு மணி நேரத்துல வெளிய வந்து உன்ன கண்டுக்கும் பாரு" என்றேன். அவ்வளவு திமிர்.

மூன்றாவது என்றால் எங்கள் பக்கம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் பிள்ளைக்கு வளையல் போடுவார்கள், ஏழு வகைச் சோறு கட்டிக் கொண்டுவருவார்கள். மூன்றாவதுக்கு "ஓ, மறுபடியுமா" என்பதோடு சரி. என்னைப் பெரிதாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள், எங்கள் ஊருக்கு வருகிற கிராம நர்ஸ் விஜயா சிஸ்டர். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, என் தாய் சேய் அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

"ஹீமோகுளோபின் எட்டரைதான் இருக்குது பரிமளா" என்றார். ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமந்து போகிற சத்துக்கு அந்தப் பெயர். பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். இரண்டு முறை கூட்டிப்போய் இரும்புச்சத்து டிரிப் ஏற்ற வைத்தார். ஒன்பதரைக்கு வந்தது.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "சிஸ்டர், ஒவ்வொரு பிரசவமும் முன்னத்த விட சீக்கிரம் ஆயிடும் இல்ல?"

"முதல் புள்ளைய விட ரெண்டாவது பெரும்பாலும் சீக்கிரம் வரும். வழி ஒரு தரம் திறந்து பழகினது பாரு. ஆனா மூணாவது அது இஷ்டத்துக்குத்தான் வரும். சிலது பத்து நிமிஷத்துல வந்துடும், சிலது நாள் பூரா இழுக்கும். கர்ப்பப்பை தளர்ந்து இருந்தா புள்ள உள்ள ஏடாகூடமா திரும்பிக்கும். புள்ள பொறந்த அப்புறமும் பை சுருங்கணும். சுருங்கலன்னா ரத்தம் கொட்டும். உன்கிட்ட இருக்கிறதே கொஞ்சம்." அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இன்னா, வீட்ல பெத்துக்கலாம்னு ஏதாவது யோசன பண்றியா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். உள்ளறையில் பிளாஸ்டிக் ஷீட் வாங்கி மடித்து வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வலி எடுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஏழுமலை லீவு சொல்லிவிட்டுப் போனில் நேரத்தை ஓடவிட்டார். யாழினியையும் கவினையும் எதிர்வீட்டில் விட்டோம். தனம் அண்ணி பெரிய குண்டானில் வெந்நீர் வைத்தார். ஆறு மணிக்குப் பிள்ளை என்று எல்லோரும் தயாராக நின்றோம்.

ஆறு மணிக்கு வெந்நீர் கொதித்தது. ஏழு மணிக்கு ஆறிப்போனது. மறுபடி வைத்தார். எட்டு மணிக்கு மறுபடி ஆறியது. அண்ணி அதில் காபி போடலாமா என்று கேட்டார். எனக்கு வலி முன்பக்கம் இல்லை, முதுகில் இருந்தது. இடுப்பு எலும்பை யாரோ உள்ளே இருந்து நெம்புகிற வலி. யாழினிக்கும் கவினுக்கும் இப்படி இருந்ததில்லை.

"வந்துடும், வந்துடும். மூணாவது தானே" என்றார் அண்ணி.

எடை மேடைப் பழக்கம் என்னை விடாது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே எத்தனை நிமிஷம் என்று பழைய நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்து, ஐந்து, நான்கு, ஒன்பது, ஏழு, நான்கு, பதினொன்று. கவினுக்கு எட்டு, ஆறு, நான்கு, மூன்று என்று படி இறங்கி வந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. இது ஏறுகிறது, இறங்குகிறது, எங்கேயும் நிற்கவில்லை.

ஒன்பது மணிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். வண்டி மேடை மேல் நிற்கும்போது எண் நிலைக்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் சீட்டு அடிக்கக் கூடாது. டிரைவர் கத்துவான், பின்னால் வரிசை நிற்கும், அவசரப்படுத்துவார்கள். ஆனாலும் அடிக்கக் கூடாது. ஏதோ ஒரு சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கிறது, இல்லை அடியில் கல் மாட்டியிருக்கிறது. வண்டியை இறக்கு, பார், அப்புறம் ஏற்று. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ஆடுகிற எண்ணுக்கு நான் சீட்டு அடித்ததில்லை. ஒரு மூட்டை நெல்லுக்குப் பார்க்கிற நிதானத்தை என் பிள்ளைக்குப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. பயம் வந்தது. மானம் போனால் போகட்டும் என்கிற அளவுக்குப் பயம்.

"ஏங்க, ஆம்புலன்சுக்கு போன் போடுங்க" என்றேன்.

ஏழுமலை திகைத்தார். "இப்ப கெளம்பினா நடு ரோட்ல ஆயிடும்டி. உனக்குத்தான் அது புடிக்காதே."

"ஆனா ஆவட்டும். எத்தன டிராக்டர் வேணும்னாலும் நிக்கட்டும். போடுங்க."

போட்டார். பத்தே நிமிஷத்தில் வண்டி வந்தது. இறங்கிய மனிதரைப் பார்த்தால், கவினை ரோட்டில் கையில் வாங்கிய அதே சேகர் அண்ணன். "ஏம்மா, மறுபடியும் நீங்களா!" என்றவர் பதில்கூடக் கேட்காமல் இரண்டு கைக்கும் கிளவுஸ் மாட்டிக்கொண்டார். போன தடவை மாதிரி இப்போதே வந்துவிடும் என்று அவரும் நினைத்துவிட்டார். வழி முழுக்க இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தயாராகவே உட்கார்ந்திருந்தார். போன தடவை நின்ற இடத்தைத் தாண்டினோம், ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்தும் ஒன்றும் ஆகவில்லை. கிளவுஸைக் கழற்றும்போது அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்தார். குள்ளமான, வேகமாகப் பேசுகிற அம்மா. கர்ப்பப்பையின் வாய் பத்து சென்டிமீட்டர் திறந்தால்தான் பிள்ளை வெளியே வரும். எனக்கு நான்குதான் திறந்திருந்தது. காலை ஐந்திலிருந்து பட்ட பாட்டுக்கு நான்கு!

"தல கீழதான் இருக்குது. ஆனா முகம் மேல பாத்த மாதிரி திரும்பியிருக்குது. பின்மண்டை உங்க முதுகெலும்ப அழுத்துது. அதான் முதுகு வலி, அதான் லேட்டு" என்றார். சில பிள்ளைகள் தானே திரும்பிக்கொள்ளுமாம். திரும்பாவிட்டால் ஆபரேஷன். "நீங்க எத்தன மணிக்குக் கெளம்பினீங்க?"

ஐந்து மணிக்கு வலி, ஒன்பது மணிக்குப் போன் என்று சொன்னேன். நடுவில் ஏன் நான்கு மணி நேரம் என்று கேட்டார். என் கணக்கைச் சொன்னேன். பதினெட்டு, மூன்று, அரை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "கணக்கு தப்பில்லம்மா. புள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய கட்டம் போட்ட தாளை எடுத்தார். எத்தனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர், பிள்ளையின் இதயத் துடிப்பு எவ்வளவு, வலி எத்தனை என்று அதில் புள்ளி வைத்துக்கொண்டே வருவார்களாம். கோடு போக வேண்டிய பாதையை விட்டு விலகினால் உடனே தெரிந்துவிடும். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. என்னைப் போல இன்னொருவர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவும் விஷயம் தெரிந்தவர்.

வார்டில் துணி மாற்றப் பையைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்கே போகப்போவதில்லை என்று நான் பை எதுவும் கட்டி வைத்திருக்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் அண்ணி அள்ளிப் போட்டது. கவினின் ஸ்கூல் டிராயர் இரண்டு, ஒரு டவல், பவுடர் டப்பா, டிவி ரிமோட். ரிமோட் எதற்கு என்று இன்றுவரை அண்ணியாலேயே சொல்ல முடியவில்லை. வலியிலும் சிரித்துவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு நந்தினி என்று ஒரு பெண் வந்தாள். மேல்சித்தாமூர்க்காரி, தலைச்சன் பிள்ளை. பயத்தில் முகம் வெளுத்திருந்தது. இரண்டு பெற்றவள் என்ற அனுபவம் என்னைச் சும்மா இருக்க விடுமா?

"பயப்படாத. தலைச்சனுக்கு ரொம்ப நேரம் எடுக்கும். எனக்குப் பதினெட்டு மணி நேரம். நீ நல்லா சாப்டு, படுத்துத் தூங்கு. நாளைக்குக் காலைலதான் ஆவும்" என்றேன்.

மூன்று மணிக்கு அவளைப் பிரசவ அறைக்குக் கூட்டிப் போனார்கள். சும்மா பார்த்துவிட்டு அனுப்புவார்கள் என்று நான் அண்ணியிடம் அடித்துச் சொன்னேன். மூன்றரைக்கு உள்ளே இருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. நான்கரை மணி நேரத்தில் பெற்றுப்போட்டுவிட்டாள்! அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

எனக்கு அப்போது ஆறு சென்டிமீட்டர். நர்ஸ் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், பிள்ளை திரும்ப அது உதவுமாம். எங்கள் ஊர் மலைமேல் ரங்கநாதர் படுத்திருக்கிற மாதிரி மணிக்கணக்காகப் படுத்துக் கிடந்தேன். அவருக்குக் காலை அமுக்க ஆள் இருக்கிறது, எனக்கு முதுகை அமுக்கத் தனம் அண்ணி. இரண்டு முஷ்டியையும் இடுப்பில் வைத்து, ஒவ்வொரு வலிக்கும் தன் முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். ஒரு தடவைகூட விடவில்லை. மாடு மேய்த்த கை, களை பறித்த கை, அந்த மதியம் என்னைத் தாங்கிய கை. "நான்தான் வா வீட்லயே பாத்துக்கலாம்னு சொன்னேன். என்னச் செருப்பால அடிக்கணும்" என்று ஒரு தடவை காதில் சொன்னார். "நான்தானே முதல்ல சொன்னேன்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம், அப்புறம் ஆபரேஷன் என்றார். கையெழுத்துப் போடவேண்டிய தாளும் தயாரானது. ஐந்தரை இருக்கும், உள்ளே எதுவோ மெதுவாகப் புரண்டது. பொய் சொல்லவில்லை, நன்றாகத் தெரிந்தது. முதுகு வலி சட்டென்று நின்றது. அடுத்த வலி முன்பக்கம் வந்தது, அதற்கடுத்தது மூன்று நிமிஷத்தில், அப்புறம் இரண்டு. கடைசியில் எண் நிலைத்துவிட்டது.

"சிஸ்டர், இப்ப வருது!" என்று கத்தினேன். பத்தே நிமிஷம். ஐந்து ஐம்பதுக்குப் பெண் பிள்ளை. மூன்று கிலோ அறுநூறு. வெளியே வந்ததும் கத்திய கத்தலில், என் குரலை அப்படியே கொண்டுவந்திருக்கிறாள் என்று தெரிந்தது. பதிமூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு. அரை மணி எங்கே, அது எங்கே.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். விஜயா சிஸ்டர் சொன்ன இரண்டாவது விஷயம் அதற்கப்புறம்தான் வந்தது.

பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே திறந்து கிடக்கிற ரத்தக்குழாய்கள் மூடும். என்னுடையது சுருங்கவில்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்துப்போயிருந்தது. காலுக்கு நடுவே வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டே இருந்தது. நர்ஸின் முகம் மாறியதைப் பார்த்தேன். அடுத்த நொடி என்னைச் சுற்றி நான்கு பேர். ஒருவர் வயிற்றை மாவு பிசைகிற மாதிரி அழுத்தித் தேய்த்தார், ஒருவர் தொடையில் ஊசி போட்டார், ஒருவர் இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார். என் ஹீமோகுளோபின் கம்மி என்று அட்டையில் விஜயா சிஸ்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அதைப் பார்த்துக் காலையிலேயே டாக்டரம்மா எனக்கு ஏற்றுவதற்கு என் குரூப் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அது வந்தது. காது அடைத்தது, விளக்கு தூரமாகப் போனது. எங்கள் உள்ளறையும், மடித்து வைத்த பிளாஸ்டிக் ஷீட்டும், இரண்டு தரம் ஆறிப்போன வெந்நீரும் எனக்கு முன்னால் வந்து நின்றன. அங்கே இது நடந்திருந்தால் அண்ணி என்ன செய்திருப்பார்? பாவம், மறுபடி வெந்நீர்தான் வைத்திருப்பார்.

"பரிமளா, என்னப் பாரு. கண்ண மூடாத. உன் பொண்ணு பேர் இன்னா?" என்று டாக்டரம்மா கத்தினார்.

பேரே யோசிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பிறக்கிற பிள்ளைக்குப் பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். "வெற்றிச்செல்வி" என்று வாயில் வந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"நல்ல பேரு. வெற்றிச்செல்வி அம்மா, கண்ணத் தொறந்தே வை."

வைத்தேன். இருபது நிமிஷத்தில் ரத்தம் நின்றது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த நர்ஸ், "கல்லு மாதிரி ஆயிடுச்சு டாக்டர்!" என்றார். கல் மாதிரி என்று ஒருவர் என்னைச் சொன்னதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

நான்கு நாள் அங்கே இருந்தேன். ஏழுமலை ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்து என் ரத்தத் துணிகளைத் துவைத்தார். பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மா, "ஏம்ப்பா, வூட்ல பொம்பளைங்க யாரும் இல்லியா?" என்றார். "இருக்காங்க. இது என் வேல" என்று சொல்லிவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். அண்ணிதான் வந்து சொன்னார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் எனக்குச் செய்த எதுவும் அதற்கு ஈடில்லை. விஜயா சிஸ்டரும் வந்தார். கதையை முழுக்கச் சொல்லி, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பிளாஸ்டிக் ஷீட்ட அன்னைக்கே பாத்துட்டேன். அதனாலதான் செவப்பு மையில போட்டேன்" என்றார்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, நந்தினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அக்கா, எனக்கு முதல்லயே நாலரை மணி நேரந்தான் ஆச்சு. அப்போ ரெண்டாவது ஒரு மணி நேரத்துல ஆயிடும் இல்ல? அதுக்குப் போயி இவ்ளோ தூரம் வரணுமா? வூட்லயே பெத்துக்கலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணக்கு பக்கத்துக் கட்டிலுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறது. அவள் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாரு நந்தினி. முதல் புள்ளைய நம்பி ரெண்டாவத ரோட்ல பெத்தேன். ரெண்டாவத நம்பி மூணாவதுல சாவப் பாத்தேன். நீ பதினெட்டு மணி நேரம் இருப்பன்னு நான் சொன்னேன், நீ நாலரைல பெத்துட்ட. எந்தப் புள்ளையும் முன்னத்தப் புள்ளையோட டைம் பாத்துட்டு வராது. உனக்கு சீக்கிரமா ஆவலாம், ஆவாமலும் போவலாம். சீக்கிரமா ஆவும்னு தோணினா இன்னும் சீக்கிரமா கெளம்பு. ரெண்டு நாள் முன்னயே வந்து படுத்துக்கோ. ரோட்ல பொறந்தாக்கூட கூட ஒரு ஆளு இருப்பாரு, வண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போவும். வூட்ல ரத்தம் கொட்டினா யார் இருப்பாங்க?"

அவள் கண் கலங்கியது. "சரிக்கா. வந்துடறேன்" என்றாள். என் நம்பரை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ரெண்டாவதுக்கு வலி வந்தால் முதல் போன் ஆம்புலன்சுக்கு, ரெண்டாவது போன் எனக்கு என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது எடை மேடையில் நிறுத்தச் சொன்னேன். பாபு ஓடி வந்தான். வரிசையில் நின்ற இரண்டு டிராக்டர்காரர்களும் இறங்கி வந்து பிள்ளையைப் பார்த்தார்கள். போன தடவை குரலை வைத்துக் கண்டுபிடித்தவரும் அதில் இருந்தார். இந்தத் தடவை எனக்கு வெட்கமே இல்லை. "இது மூணாவதுங்க. பேரு வெற்றிச்செல்வி" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

பிள்ளையை ஏழுமலை கையில் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து மேடை நடுவில் போய் நின்றேன். பாபு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தான். "அம்பத்தஞ்சு, மேடம்" என்றான்.

ஏழுமலை மேடை ஓரத்தில் நின்றபடி பிள்ளையை என் கையில் நீட்டிவிட்டு விலகினார். எண் ஆடியது. பாபு சீட்டு அடிக்கக் கையைக் கொண்டுபோனான். "இருடா, நிக்கட்டும்" என்றேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆடி, ஆடி, நின்றது.

அறுபது.

"கண்டுக்கிச்சு மேடம்! மிஷினு கண்டுக்கிச்சு!" என்று பாபு ஜன்னலைத் தட்டினான். டிராக்டர்காரர்கள் கை தட்டினார்கள்.

பாபு சீட்டு அடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். இதோ, தாய் சேய் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். நெல், ஜல்லி, மல்லாட்டை என்று நாங்கள் பொருளின் பெயரை அடிக்கிற இடத்தில், அவனாகவே "தாயும் சேயும்" என்று அடித்திருந்தான். எடை அறுபது கிலோ.